மனம் ஏறி இறங்குவது அமாவாசையால் அல்ல

"நாலு நாள் குஷி, நாலு நாள் சோகம்னா அது அமாவாசைக் கோளாறு, இல்லாட்டி கொழுப்பு. டாக்டர் வேண்டாம்." ஈரோடு, திருப்பூர் பக்கம் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. தவறு.

எங்கள் தெருவில் ஒரு தறிக்கார அண்ணன். ஒரு வாரம் விடியற்காலை இரண்டு மணிக்கே எழுந்து தறிக்கு எண்ணெய் விடுவார். கடன் வாங்கிப் புதுத் தறிக்கு அட்வான்ஸ் கொடுப்பார். அடுத்த வாரம், "எந்திரி சாமி" என்று அம்மா வைத்துவிட்டுப் போன டீ ஆடை கட்டிக் கிடக்கும். அவரைத் திமிர் பிடித்தவர் என்று சொன்னால் எனக்கு வலிக்கும்.

பெரியவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் 2 ஆண்டுக்கு மேல் நீடித்து, நடுவில் 2 மாதம்கூடத் தொடர்ந்து சீராக இல்லை என்றால், அது சைக்ளோதைமியாவாக இருக்கலாம். 1882-லேயே கால்பாம் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த நோய் இது. லேசானதுதான், ஆனால் சிலருக்குப் பின்னாளில் இருமுனைக் கோளாறாக, அதாவது அளவுமீறிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் பெரிய நோயாக முற்றுகிறது. மனநல மருத்துவர் தைராய்டையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார். பேச்சு சிகிச்சை, தேவைப்பட்டால் மாத்திரை, அப்புறம் நேரத்துக்குத் தூக்கம். மனச்சோர்வுக்கான மாத்திரையை நீங்களே கடையில் வாங்கிப் போடாதீர்கள். சிலருக்கு அது மனதை எதிர்ப்பக்கம் தூக்கிவிடும்.

முதலில் பேசிப் பார்க்க 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.