பிரேக்கில் கரையும் பெட்ரோல்

‘வண்டி எவ்வளவு கொடுக்கிறது?’ என்று கேட்டால், கார் வைத்திருப்பவர்கள் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஓர் எண்ணை உடனே சொல்லிவிடுகிறார்கள். அந்த எண் வண்டியின் பிறவிக் குணம் என்பது போலவும், ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது போலவும் பேசிப் பழகிவிட்டோம். ஒரே காரை ஒரே சாலையில் வீட்டில் இரண்டு பேர் ஓட்டினால் இரண்டு வேறு எண்கள் கிடைப்பதைப் பார்த்த பிறகும், மைலேஜ் குறைந்தால் முதலில் மெக்கானிக்கையும் அடுத்து பெட்ரோல் பங்க்கையும் சந்தேகிக்கிறோமே தவிர, நம் வலது காலைச் சந்தேகிப்பதில்லை. எரிபொருளுக்கு எத்தனை முறை விலை கொடுக்கிறோம் என்பதை ஓட்டும் முறை தீர்மானிக்கிறது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை நாம் வாங்கிய கார் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எழுதப்படும் எரிபொருள் சிக்கனக் குறிப்புகளில் பாதி, படிப்பதற்கு மட்டுமே நன்றாக இருக்கின்றன.

பெட்ரோல் எஞ்சினில் எரிகிற சக்தியில் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகவே வெளியேறிவிடுகிறது. ஏறத்தாழ கால் பங்குதான் சக்கரத்தை வந்தடைகிறது. அந்தக் கால் பங்கு மூன்று வழிகளில் செலவாகிறது: ஒரு பங்கு காற்றைப் பிளக்கவும், ஒரு பங்கு டயர் நசுங்கி உருள்வதற்கும் போகிறது, மீதி, வண்டிக்கு வேகத்தைக் கொடுத்துப் பிறகு பிரேக் போட்டு அழிப்பதற்குப் போகிறது. நகரத்துக்குள் ஓட்டும்போது இந்த மூன்றாவது செலவுதான் மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள ஒரு கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 180 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. கால் பங்கு சக்கரத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால் கைக்குக் கிடைப்பது 8 மெகாஜூல். அப்படியானால், நின்ற நிலையிலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்கு ஒருமுறை கொண்டுபோக 22 மில்லிலிட்டர் வேண்டும். அதாவது நான்கைந்து தேக்கரண்டி. அடுத்த சிக்னலில் பிரேக்கை அழுத்தும்போது அந்த நான்கைந்து தேக்கரண்டியும் டிஸ்க்கில் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. நெரிசலில் ஓட்டிவந்து நிறுத்திய காரின் முன்சக்கரத்தின் அருகே கையை நீட்டினால் உள்ளங்கையில் அடிக்கிறதே ஓர் அனல், அது நாம் காசு கொடுத்து நிரப்பிய பெட்ரோலேதான். காரின் எடை 2,000 கிலோவாக இருந்தால், இதே ஒரு நிறுத்தத்துக்கு 35 மில்லிலிட்டர் போகும். எடை கூடுகிற விகிதத்திலேயே இந்தச் செலவும் கூடுகிறது. வேகமோ அப்படியில்லை. 60 என்பது 80 ஆனால், அதே 1,300 கிலோ காருக்கு 22 மில்லிலிட்டர் என்பது 40-ஐத் தொட்டுவிடும்.

ஆகவே சிக்கனம் என்பது மெதுவாக ஓட்டுவதைக் காட்டிலும் குறைவாக பிரேக் போடுவதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இருநூறு மீட்டர் முன்னால் சிவப்பு விளக்கு தெரிகிறது; பக்கத்து வண்டிக்காரர் அந்த இருநூறு மீட்டரையும் மூன்றாவது கியரில் முறுக்கிக் கடந்து, கோட்டருகே போய் முன்பக்கம் குனியும்படி நிறுத்துகிறார். விளக்கைப் பார்த்தவுடனே காலை எடுத்துவிட்டவர் பின்னால் உருண்டு வருகிறார். அவர் வந்து சேரும்போது விளக்கு பச்சையாகிவிட்டால், கையில் 25 கிலோமீட்டர் வேகம் மிச்சமிருக்க, நின்ற வண்டியைக் கடந்து போய்விடுகிறார். இதற்குத் தேவையானது முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விடுவதும், அந்த வண்டிக்கும் முன்னால் என்ன நடக்கிறது என்று பார்ப்பதும்தான். அந்த இடைவெளியில் யாராவது வந்து நுழைந்துவிடுவார்கள் என்பது உண்மை. நுழையட்டும், மறுபடி காலை எடுத்தால் இடைவெளி மறுபடி வந்துவிடும். மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்பவர்களுக்கு எந்த மைலேஜ் குறிப்பும் உதவாது.

இந்த இடத்தில், தலைமுறைகளாகக் கைமாறி வரும் ஒரு பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இறக்கத்திலும் சிக்னலை நெருங்கும்போதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று பலர் இன்னும் உறுதியாக நம்புகிறார்கள். பெட்ரோலையும் காற்றையும் கணினி இல்லாமல் கலந்துகொடுத்த கார்புரேட்டர் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று ஓடுகிற எரிபொருள் இன்ஜெக்ஷன் கார்களில் கியர் விழுந்திருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுவதுமாக எடுத்தால், கணினி இன்ஜெக்டர்களையே அடைத்துவிடுகிறது. சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது, எரிபொருள் ஒரு துளியும் போவதில்லை. சுழற்சி குறைந்து எஞ்சின் அணையும் நிலை வருவதற்குச் சற்று முன்னால்தான் பெட்ரோல் மறுபடி திறக்கிறது. நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் தன்னைத் தானே உயிரோடு வைத்துக்கொள்ள எரிபொருளை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கணநேர மைலேஜ் காட்டும் மீட்டர் உள்ள காராக இருந்தால், கியரில் விட்டு உருளும்போது அந்தக் கோடு ஒரே தாவலில் உச்சிக்குப் போய் ஒட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். வேகம் குறைய வேண்டிய இடத்தில் கியரோடு உருள்வதே சிக்கனம். வேகம் குறையத் தேவையில்லாத இடத்தில் காலை மெல்ல வைத்து வேகத்தைத் தக்கவைத்துக்கொள்வதே சரி, ஏனென்றால் எஞ்சின் இழுத்துப் பிடித்துக் குறைத்துவிட்ட வேகத்தைத் திரும்ப வாங்க வேண்டியிருக்கும். மலைப்பாதை இறக்கத்தில் நியூட்ரலைப் பற்றி விவாதிக்கவே கூடாது. எஞ்சின் பிடிப்பு இல்லாமல் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுந்து, அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்போது மிச்சப்படுத்திய பெட்ரோல் எதற்கும் ஆகாது.

கிளம்பும்போது எப்படி மிதிப்பது என்பதிலும் ஒரு தப்பெண்ணம் உண்டு. பூப்போல மிதித்து இரண்டாவது கியரிலேயே நெடுநேரம் ஊர்ந்து போவது சிக்கனமில்லை. பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் வால்வு பாதி மூடியிருந்தால், மூடிய வாயால் மூச்சு இழுப்பது போல எஞ்சின் காற்றை உறிஞ்சுவதற்கே சக்தியைச் செலவழிக்கிறது. ஓரளவு உறுதியாக மிதித்து, எஞ்சின் இரைச்சல் போடுவதற்கு முன்பே அடுத்த கியருக்கு மாறி, வேண்டிய வேகத்தை எட்டியதும் மேல் கியரில் அமைதியாகப் போவதுதான் நல்லது. அதற்காக வண்டி உதறித் திணறும் அளவுக்கு மேல் கியரில் வைத்து இழுக்க வேண்டாம்; அது எஞ்சினுக்கும் கேடு, மிச்சமும் இல்லை.

நெடுஞ்சாலையில் பிரேக்கின் இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. ஒரு சாதாரண செடான் காருக்கு ஏறத்தாழ 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் தடை டயரின் தடையை முந்திவிடுகிறது. அதன் பிறகு வேகத்தின் இருமடிப்படி அது ஏறிக்கொண்டே போகிறது. 80-இல் இருக்கும் காற்றுத் தடை 120-இல் இரண்டேகால் மடங்கு. நேரக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதன் வேடிக்கை புரியும். நூறு கிலோமீட்டர் தூரத்தை 80-இல் போனால் 75 நிமிடம், 100-இல் போனால் 60 நிமிடம், 120-இல் போனால் 50 நிமிடம். முதல் 20 கிலோமீட்டர் வேகக் கூடுதல் கால் மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது, அடுத்த 20 பத்தே நிமிடத்தைத்தான் தருகிறது, அதற்குள் காற்றின் தடையோ மேலும் 44 விழுக்காடு கூடிவிடுகிறது. அந்தப் பத்து நிமிடத்தையும் வழியில் தேநீருக்கு நிறுத்தும்போது மறந்துவிடுகிறோம். 1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்கா நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர், என்ற வேக வரம்பைக் கொண்டுவந்தது. 1974 தொடக்கத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தை மக்கள் பரவலாக மீறினார்கள். 1995-இல் அது நீக்கப்பட்டது. காற்றின் விதி மட்டும் நீக்கப்படவில்லை.

கூரைமேல் பொருத்தும் கேரியரும் பெட்டியும் இந்தக் காற்றுக் கணக்கில்தான் சேரும். அகலமான கூரைப் பெட்டி ஒன்று அதிவேகச் சாலையில் கால் பங்கு எரிபொருளைக்கூட விழுங்கக்கூடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. ஊருக்குப் போய்வந்த பிறகும் அதைக் கழற்றாமல் வருடக்கணக்கில் சுமந்து திரிபவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. டயர் காற்றைப் பொறுத்தவரை, நான்கு சக்கரத்திலும் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) குறைந்தால் போகும் மைலேஜ் 0.2 விழுக்காடுதான் என்பதால் அது தனியே பெரிய விஷயமில்லை, ஆனால் பத்து பிஎஸ்ஐ குறைந்த டயரோடு ஓடுகிற கார்கள் ஏராளம். ஏசியா ஜன்னலா என்ற பழைய சண்டைக்கு விடை, நகர வேகத்தில் ஜன்னலும் நெடுஞ்சாலை வேகத்தில் ஏசியும். சாதாரண எஞ்சினுக்கு அதிக ஆக்டேன் பெட்ரோல் போடுவதால் ஒன்றும் கூடப்போவதில்லை. அடைத்த ஏர் ஃபில்டர் மைலேஜைக் குறைக்கும் என்பதும் கார்புரேட்டர் காலத்துப் பாடம். இன்றைய பெட்ரோல் எஞ்சினில் அது பிக்கப்பைக் குறைக்குமே தவிர, மைலேஜை அவ்வளவாகத் தொடாது.

இவ்வளவும் ஓட்டுபவர் கையில் இருப்பவை. ஷோரூமில் கையெழுத்துப் போட்ட நாளிலேயே முடிந்துபோன விஷயங்கள் இவற்றைவிடப் பெரியவை என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. உலகில் 2023-இல் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ பாதி எஸ்யூவி வகையைச் சேர்ந்தவை. உயரமான வண்டி என்றால் காற்றை எதிர்கொள்ளும் முகம் பெரிது. கனமான வண்டி என்றால் ஒவ்வொரு பிரேக்குக்கும் தேக்கரண்டிகள் கூடுதல். கரடுமுரடான பாதையில் தினமும் போக வேண்டியவருக்கும், ஏழு பேரை ஏற்ற வேண்டிய குடும்பத்துக்கும் அது தேவைதான். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் ஒரே ஆள் அலுவலகம் போய்வருவதற்கு அந்த வண்டியை எடுப்பவர், அதன் பிறகு காலை எவ்வளவு மெல்ல வைத்தாலும் ஒரு சிறிய காரைக் கண்மண் தெரியாமல் ஓட்டுபவரோடுதான் போட்டி போட முடியும்.

லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிடும் நம் வழக்கமும் இங்கே கண்ணை மறைக்கிறது. லிட்டருக்கு 20 கொடுக்கும் காரை விட்டு 25 கொடுக்கும் காருக்கு மாறுவது, 8 கொடுக்கும் காரை விட்டு 10 கொடுக்கும் காருக்கு மாறுவதைவிடப் பெரிய முன்னேற்றம் போலத் தெரிகிறது. நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள்: முதல் மாற்றத்தில் மிச்சமாவது ஒரு லிட்டர், இரண்டாவதில் இரண்டரை லிட்டர். ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் இந்த மயக்கத்தைத்தான் விளக்கிக் காட்டினார்கள். வீட்டில் இரண்டு கார் இருந்தால், ஏற்கெனவே நன்றாகக் கொடுக்கும் சிறிய காரை மாற்றுவதைவிட, குடிக்கும் பெரிய காரை மாற்றுவதுதான் பணத்தை மிச்சப்படுத்தும் என்பது இந்தக் கணக்கின் நேரடி விளைவு.

நிறுவனங்கள் அச்சிடும் மைலேஜை அப்படியே நம்பி வாங்குவதும் வீண். 2017 வரை ஐரோப்பாவில் புதிய மாதிரிகளுக்கு இருந்த பழைய சோதனை முறையில், நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 26 வினாடி எடுத்துக்கொள்ளலாம். அப்படிக் கிளம்பினால் பின்னாலிருப்பவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டார். அதற்குப் பின் வந்த சோதனை முறை உண்மைக்கு நெருக்கமானது என்றாலும், எந்தச் சோதனைக்கும் உங்கள் சாலை தெரியாது.

பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ள ஹைபிரிட் காரைப் பற்றிய என் மதிப்பீடும் இதே பிரேக் கணக்கிலிருந்துதான் வருகிறது. 1997 இறுதியில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்தபோது அதில் புதுமையாக இருந்தது, பிரேக்கில் வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பிக் கொண்டுபோன ஏற்பாடு. நின்று நின்று நகரும் சாலையில் ஓட்டுபவருக்கு அது கொடுத்த விலைக்குப் பலன் தரும். நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்குத் திருப்பி எடுக்க பிரேக்கே இல்லை என்பதால், தாழ்வான, காற்றை எளிதில் கிழிக்கும் வடிவமுள்ள ஒரு சாதாரண கார் அதே வேலையைக் குறைந்த முதலீட்டில் செய்துவிடும். மின்சாரக் காருக்கும் காற்று விலக்கு அளிப்பதில்லை. 120-இல் விரட்டினால் அதன் ரேஞ்சும் கண்ணெதிரே சுருங்கும்.

எதை மாற்றினாலும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளக்காமல் மைலேஜ் கூடியது குறைந்தது என்று பேசுவதில் பொருளில்லை. டேங்க்கை பங்க்கின் குழாய் தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, டேங்க் காலியாகப் போகும் நேரத்தில் மறுபடி அதே போல நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுக்க வேண்டும். ஒரு டேங்க்கில் பிழை இருக்கும். மூன்று நான்கு டேங்க் சராசரி எடுத்தால் நம்பலாம். டேஷ்போர்டில் தெரியும் சராசரி எண் பல கார்களில் உண்மையைவிடச் சற்றுத் தாராளமாகவே இருக்கும் என்பதால், முகநூலில் அதைப் படம் எடுத்துப் போட்டு வண்டியைப் புகழ்பவர்களிடம் பங்க் ரசீதையும் கேட்கலாம்.