"வெறும் எலிதானே" என்றவருக்கு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் நேரிலேயே பார்த்தீர்கள். "எலிக்குப் புற்றுநோயை வரவழைத்துவிட்டு மனிதனைப் பற்றிப் பேசுகிறீர்களே, வெட்கமாக இல்லையா?" என்று, எலிகளில் நுரையீரல் புற்றுநோயை ஆராயும் என்னிடம் ஒருவர் கேட்டார். கேள்வியைத் தாங்கிக்கொண்டேன். அதற்கு எழுந்த கைதட்டலைத் தாங்க முடியவில்லை.

இந்த வாதத்துக்கு வயது எழுபதுக்கு மேல். 1953-ல் விண்டர், கிரகாம் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், சிகரெட் புகையிலிருந்து எடுத்த தார் என்ற பிசுபிசுப்பை எலிகளின் முதுகில் தடவிவந்தார்கள். 44 சதவீத எலிகளுக்குப் புற்றுநோய் வந்தது. மறு ஆண்டு ஜனவரியில் அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள் நானூறுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் ஓர் அறிக்கை வெளியிட்டன. அதன் முதல் வரியே எலிச் சோதனைகளைப் பற்றியதுதான். வெறும் எலிதானே என்ற அந்தச் சந்தேகத்தை விதைத்துவிட்டு, பல பத்தாண்டுகள் சிகரெட் விற்றார்கள். முன்பு நிறையப் புகைத்தவரான கிரகாம், நிறுத்திய பிறகும் 1957-ல் நுரையீரல் புற்றுநோயில்தான் இறந்தார்.

முதுகுத் தோல் நுரையீரலாகுமா என்பீர்கள். ஆகாது. எலி மூக்கால் மட்டுமே சுவாசிக்கும். வெறும் புகையால் அதன் நுரையீரலில் கட்டியை வரவழைப்பது கடினம். அதனால்தான் 1960-களில் எலி போன்ற ஹாம்ஸ்டரின் மூச்சுக்குழாய்க்குள்ளேயே, சிகரெட் புகையில் இருக்கும் புற்றுநோய்ப் பொருளான பென்சோபைரீனைச் செலுத்திப் பார்த்தார்கள். 2001-ல், திரிந்தால் புற்றுநோயைத் தூண்டும் கேராஸ் மரபணுவை நுரையீரலில் மட்டும் முடுக்கிவிடக்கூடிய எலி உருவானது. குறைகளை மறைத்தா வைத்தோம்?

வதை என்கிறீர்கள். கூண்டைத் திறக்கும் ஒவ்வொரு காலையும் எனக்கு அது வலிக்கிறது. அதற்கு மேல் இதில் என்னால் வாதாட முடியாது.

என் அப்பாவின் ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை என்றார். "எப்போது ஆரம்பித்திருக்கும்?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். யாராலும் சொல்ல முடியவில்லை. மனிதர்கள் இருமி, இளைத்து, ரத்தம் துப்பிய பிறகே எங்களிடம் வந்து சேர்கிறார்கள். தொடக்கத்தை வாரம் வாரமாகக் காட்டுவது அந்த எலி மட்டும்தான். செல்கள் முதலில் நெருக்கியடித்துப் பெருகுகின்றன, பிறகு சிறு கட்டியாகின்றன, பிறகு எல்லை மீறுகின்றன. கேராஸின் ஒரு திரிபைத் தடுக்கும் சோட்டோராசிப் மருந்துக்கு 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் எலிகளில் சோதிக்கப்பட்ட பிறகே மனிதரிடம் வந்தது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார்.

அன்று கைதட்டியவர்கள் யாராக இருந்தாலும் ஆய்வகத்துக்கு ஒருநாள் வாருங்கள். எலி நுரையீரலின் ஆறாவது வார ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டுகிறேன். அதிலிருக்கும் கட்டி வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது. அப்பாவுக்குள்ளும் ஏதோ ஓர் ஆண்டில் அது அவ்வளவு சின்னதாகத்தான் இருந்திருக்கும்.