ஏமி வைன்ஹவுஸ் உயிரைப் பறித்தது ஹெராயின் அல்ல

"பாடகி ஏமி வைன்ஹவுஸ் அளவுக்கு மீறி ஹெராயின் எடுத்து இறந்தார்" என்ற செய்தி இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது தவறு.

2011 ஜூலை 23 அன்று, லண்டன் கேம்டனில் உள்ள தன் வீட்டில் அவர் இறந்தார். அன்றைக்கே பலர் போதை மருந்துதான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். முன்பு அவர் அதைப் பயன்படுத்தியது உண்மைதான். ஆனால் பரிசோதனையில் சட்டவிரோத போதை மருந்து எதுவும் தென்படவில்லை. இருந்தது மது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 416 மில்லிகிராம். இங்கிலாந்தில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் வரம்பே 80தான். அறையில் மூன்று காலி வோட்கா பாட்டில்கள் கிடந்தன. அவ்வளவு மது ஏறினால் மூச்சை நடத்தும் மூளைப் பகுதி மந்தமாகிவிடும், தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். சில வாரங்கள் குடிக்காமல் இருந்துவிட்டு அவர் மறுபடி தொடங்கியிருந்தார். அப்படி விட்டுத் தொடங்கும்போது உடம்பு பழைய அளவைத் தாங்காது.

தற்கொலை என்பதும் சரியல்ல. அக்டோபரில் மரண விசாரணை இதை எதிர்பாராத மரணம் என்றே பதிவு செய்தது. விசாரித்த அதிகாரிக்கு உரிய தகுதி இல்லை எனத் தெரிந்ததும் 2013 ஜனவரியில் மீண்டும் விசாரித்தார்கள், முடிவு மாறவில்லை.

அப்புறம் அந்த '27 வயது சாபம்': புகழ்பெற்ற இசைக் கலைஞர்கள் 27 வயதில் இறந்துபோவார்கள் என்ற நம்பிக்கை. ஏமி இறந்ததும் அதே வயதில்தான். பிரிட்டனில் முதலிடம் பிடித்த இசைக் கலைஞர்களை வைத்து 2011இல் வந்த ஆய்வில், 27 வயதில் மரணம் கூடவில்லை.

ரசிகர்கள் அவர் வீட்டருகே பூக்களோடு வோட்கா பாட்டில்களையும் வைத்துவிட்டுப் போனார்கள். அன்பால் வைத்ததுதான். ஆனாலும் அந்தப் படங்களைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது.