எல்லை தாண்டினால் லாட்டரி

சிறு செலவுகளில் சேமிப்பு கரைவதைப் பற்றி இங்கே வந்த கட்டுரையைப் படித்தேன். தினசரித் தேநீர், வடை, செல்பேசியில் வாங்கிக் குவிக்கும் பொருள்கள் என அந்தச் செலவுகளை அது சரியாகவே எண்ணிக் காட்டுகிறது. ஆனால் கேரள எல்லையோர மக்களின் காசைக் கரைக்கும் லாட்டரி அதில் விடுபட்டிருக்கிறது.

நான் தேனி மாவட்டம் கூடலூர்க்காரன். கேரளத்தில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் குமுளி வழியாகப் போய்வருகிறேன். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003இல் தடை வந்தது. கேரளத்தில் 1967 முதல் அரசே அதற்கொரு துறை வைத்து நடத்துகிறது. எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் டிக்கெட் கடைதான் கண்ணில் படும்.

டிக்கெட் 50 ரூபாய். மாதம் 26 நாள் வேலை, 26 டிக்கெட், 1,300 ரூபாய். அதையே அஞ்சலகத் தொடர் வைப்பில் கட்டினால் ஐந்து ஆண்டில் வட்டி இல்லாமலே 78,000 ரூபாய்! விழாத நாள்களைவிட, எப்போதாவது விழும் சிறு பரிசுதான் என்னைக் கெடுத்தது. அந்தப் பணம் வீட்டுக்கு வந்ததே இல்லை; அங்கேயே இன்னும் இரண்டு டிக்கெட்டாகிவிடும்.

செலவை நிறுத்த மன உறுதி வேண்டும் என்று கட்டுரை சொல்கிறது; எனக்கு அது மட்டும் போதவில்லை. வாரக் கூலியை அப்படியே மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன். சட்டைப்பையில் ஜீப் கட்டணமும் தேநீர்க் காசும் மட்டுமே. வண்டி கடைப்பக்கம் நின்றாலும் இறங்குவதில்லை. ஏழு மாதமாகிறது, அஞ்சலகப் புத்தகத்தில் 9,100 ரூபாய் ஏறியிருக்கிறது.

கம்பம், செங்கோட்டை, களியக்காவிளைப் பக்கத்து வாசகர்கள் யாரேனும் லாட்டரியை விட்டிருந்தால், எப்படி விட்டீர்கள் என்று இங்கே எழுதுங்கள். என்னோடு ஜீப்பில் வருகிறவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.