ஜப்பானிய அமெரிக்கர்கள் உளவாளிகளா? பரவும் தகவல் தவறு

"இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா முகாம்களில் அடைத்த ஜப்பானியர்கள், உளவு பார்த்துப் பிடிபட்ட வெளிநாட்டவர்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது உண்மையல்ல.

1942 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066ஆம் ஆணையால் அடைக்கப்பட்டவர்கள் சுமார் 1,20,000 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள், கைக்குழந்தைகளும் இருந்தார்கள். விசாரணையே இல்லை, வம்சாவளி மட்டுமே போதுமானதாக இருந்தது. ஜெர்மானிய வம்சாவளியினரை இப்படி ஒட்டுமொத்தமாக அப்புறப்படுத்தவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அமெரிக்க நாடாளுமன்றம் 1980இல் அமைத்த விசாரணை ஆணையம், அந்நாட்டின் மேற்குக் கடற்கரையில் இவர்கள் உளவு பார்த்ததாக ஆவணப்படுத்தப்பட்ட ஒரு சம்பவம்கூட இல்லை என்றது. இனவெறுப்பும் போர்ப் பதற்றமும் அரசியல் தலைமையின் தோல்வியுமே காரணங்கள் என்றது. 1988 சட்டம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் வழங்கியது.

ஆணையையும் அறிக்கையையும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பக இணையதளத்தில் படிக்கலாம். அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.