தடைக்குப் பிறகும் நரியைச் சுடலாம்

"2004 சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் நரியைத் தொடவே முடியாது, அதனால்தான் பெருகிவிட்டது" என்கிறீர்கள். அப்படி இல்லை. அந்தச் சட்டம் தடுப்பது நாய்க்கூட்டத்தை ஏவி விரட்டிக் கொல்வதை. துப்பாக்கியால் சுடத் தடையில்லை. இரவில் விளக்கடித்து, கண் மினுங்கும் இடம் பார்த்துச் சுடுகிறார்கள்.

அப்புறம் பெருக்கம். 2001இல் கோமாரி நோய் பரவியபோது நாய்வேட்டை பல மாதம் நின்றுபோனது. முன்னும் பின்னும் வயல்வெளிகளில் நரி எச்சத்தை (ஆமாம், மலத்தைத்தான்) எண்ணிப் பார்த்தார்கள். நரி குறிப்பிடும்படி கூடவில்லை.

சரி, வேல்ஸ் மலைப்பகுதியில் விளக்கடித்துச் சுடுவது சிரமம்தான். நாய்வேட்டையை ஆராய அரசு அமைத்த பர்ன்ஸ் குழு 2000இல் தந்த அறிக்கையும் அதைச் சொன்னது. ஆனால் நாய்வேட்டை நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்று சொன்னதும் அதே அறிக்கைதான்.