ஜேனட் ரௌலியை நாம் வேலைக்கு எடுத்திருப்போமா?

ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சியை எடைபோட நம் படிவங்கள் கேட்பது மூன்றுதான்: எத்தனை கட்டுரை, எந்த இதழ், என்ன வயது. அந்தப் படிவங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்க மரபியல் விஞ்ஞானி ஜேனட் ரௌலி நினைவு வரும்.

1948-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம், மறுநாளே திருமணம், பிறகு நான்கு மகன்கள். பிள்ளைகள் வளரும்வரை பகுதிநேர வேலைதான். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கான கிளினிக்கில் இருந்தபோது, செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் மீது ஈடுபாடு வந்தது. கணவரோடு ஆக்ஸ்போர்டில் தங்கிய ஓராண்டில் அதைப் படிக்கும் நுட்பத்தைக் கற்றார். 1962-இல் சிகாகோ திரும்பியதும் பேராசிரியர் லியோன் ஜேக்கப்சனிடம் போய் ஒரு மைக்ராஸ்கோப்பும், உட்கார இடமும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் அளவுக்குச் சம்பளமும் கேட்டார். அவரும் கொடுத்தார். ரௌலியின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. விண்ணப்பமில்லை, நேர்காணல் குழுவில்லை. கேட்டவரின் ஆர்வத்தை நம்பிய ஒரு மனிதர் இருந்தார்.

அதன்பின் பத்தாண்டுகள் உலகம் திரும்பிப் பார்க்கும்படி எதுவும் வரவில்லை.

1970 வாக்கில் குரோமோசோம்களில் பட்டைகள் தெரியும்படி சாயமேற்றும் முறை வந்தது. படங்களை வீட்டுக்கு எடுத்து வந்து, ஒவ்வொன்றாகக் கத்தரித்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒப்பிட்டார் ரௌலி. 1972-இல் ஒருவகை ரத்தப் புற்றுநோயில் 8-ஆம் குரோமோசோமும் 21-ஆம் குரோமோசோமும் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 47.

அடுத்தது இன்னும் பெரியது. சி.எம்.எல். என்னும் ரத்தப் புற்றுநோயில் 22-ஆம் குரோமோசோம் குட்டையாக இருப்பதை 1960-இல் நோவலும் ஹங்கர்ஃபோர்டும் பிலடெல்பியாவில் கண்டிருந்தார்கள். குறைந்த துண்டு தொலைந்துவிட்டது என்றே நினைத்தார்கள். அது 9-இன் நுனியில் ஒட்டியிருக்கிறது என்று 1973-இல் காட்டினார் ரௌலி. குரோமோசோம் குளறுபடியெல்லாம் புற்றுநோயின் விளைவு என்று பலரும் நம்பிய காலம் அது. அதுவே காரணமாக இருக்கலாம் என்று அவர் வாதாடிக்கொண்டே இருந்தார். 1980-களில் விடை கிடைத்தது: 9-இல் இருந்த ஏபிஎல் மரபணு 22-இல் உள்ள பிசிஆர் என்னும் மரபணுவோடு இணைந்து, ஓயாமல் செல்லைப் பெருகச் சொல்லும் ஒரு நொதியை உண்டாக்குகிறது. அந்த நொதியை அடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. கொல்லும் நோயாக இருந்த சி.எம்.எல்., பலருக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு வாழக்கூடிய நோயானது. நமக்கும் இந்த மருந்து அந்நியமில்லை. க்ளீவெக் என்ற பெயரில் இதை விற்கும் நோவார்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை மனுவை 2006-இல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். அந்த வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்துக்குக் காப்புரிமை இல்லை என்றே சொன்னது. விலை குறைந்த இந்தியத் தயாரிப்புகள் தொடர்ந்து கிடைத்தன.

இப்போது என் கேள்வி. 45 வயதைத் தாண்டினால் நம் நாட்டின் அறிவியல் விருதான பட்நாகர் விருதுக்குத் தகுதியில்லை. அந்த வயதில் ரௌலியிடம் காட்டுவதற்கு என்ன இருந்தது? பணியை இடையில் விட்ட பெண்களுக்கென்று நம் அறிவியல் தொழில்நுட்பத் துறை உதவித்தொகை தருகிறது, நல்ல காரியம். ஆனால் அது சில ஆண்டுகளில் முடிந்துவிடும். அதன்பின் நிரந்தர வேலைக்குப் போனால் மறுபடியும் அதே படிவம், அதே வயதுக் கட்டம். முதலில் அந்தக் கட்டத்தை எடுங்கள். விண்ணப்பிப்பவரின் மிகச் சிறந்த இரண்டு கட்டுரைகளைத் தேர்வுக் குழு உட்கார்ந்து முழுதாகப் படிக்கட்டும்.